கல்லறைத் தோட்டத்தின் கேட்டைத் திறந்து வையுங்கள்

சேலத்திலும் ஏற்காட்டிலும் உள்ள சபைகளின் ஆயர்களுக்கும், பங்குத் தந்தையருக்கும், பாஸ்டர்களுக்கும், கமிட்டி அங்கத்தினர்களுக்கும் ஒரு திறந்த மடல்

கர்த்தருக்குள் அன்பானவர்களே, ஸ்தோத்திரம்.

கல்லறைத் திருநாள் நெருங்குகிறது. நவம்பர் 2-க்கு முன்னால் ஆள் விட்டுப் புல் செதுக்குவீர்கள், சுவருக்கு வெள்ளையடிப்பீர்கள், எந்த நேரத்துக்கு ஆராதனை என்று கமிட்டி கூடிப் பேசுவீர்கள். அந்தக் கூட்டத்துக்கு முன்பே இதை நீங்கள் வாசித்துவிட வேண்டும் என்றுதான் அவசரமாக எழுதுகிறேன்.

நான் ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்துத் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்தவள். சேலத்தில் முப்பத்திரண்டு வருடம் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். ஞானஸ்நானம், திடப்படுத்தல், கல்யாணம் எல்லாம் சபையில் நடந்தவைதான். சபைக்கு வெளியே நின்று கல்லெறிகிற ஆள் இல்லை என்று நீங்கள் தெரிந்துகொள்வதற்காக இதைச் சொல்கிறேன்.

2021 மே முதல் வாரம். கொரோனாவின் இரண்டாவது அலை. என் தம்பி ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்து, பத்தாம் நாள் விடியற்காலையில் போய்விட்டான். முகத்தைப் பார்க்க விடவில்லை. உடலை எடுத்துப் போய் அடக்கம் செய்ய எங்கள் வீட்டில் ஆண் துணை இல்லை. இருந்த ஒரு மருமகனும் காய்ச்சலில் படுத்திருந்தார். யாரோ ஒரு நம்பர் கொடுத்தார்கள். நான்கு முஸ்லிம் இளைஞர்கள் ஆம்புலன்ஸோடு வந்தார்கள். அந்த நாட்களில் தமிழ்நாடு முழுக்க இப்படி இளைஞர்கள், எந்த மதத்து உடலென்று பாராமல் எடுத்து அடக்கம் செய்துகொண்டிருந்தார்கள்.

எந்தச் சபை என்று நான் எழுதப் போவதில்லை. அது இந்தக் கடிதத்துக்குத் தேவையும் இல்லை. தம்பி பதினோரு வருடமாகக் கோயிலுக்கு வரவில்லை. ஒரு தேர்தல் சண்டையில் மனம் கசந்து நின்றவன். சந்தா பாக்கி இருந்தது. பாக்கியைக் கட்டி ரசீது காட்டினால்தான் குழிக்கு இடம் என்று போனில் சொன்னார்கள். பணத்தை அப்போதே கட்டத் தயார் என்றேன். பொருளாளர் தனிமைப்படுத்தலில் இருக்கிறார், ரசீதுப் புத்தகம் அவர் வீட்டில் இருக்கிறது, பொறுங்கள் என்றார்கள். கல்லறைத் தோட்டத்தின் கேட் பூட்டியே கிடந்தது. வெளியே புங்க மரத்தடியில் ஆம்புலன்ஸ் நின்றது. மூன்று மணி நேரத்துக்கு மேல்.

அது ரம்ஜான் மாதம். சேலத்து மே வெயில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பிள்ளைகள் நான்கு பேரும் நோன்பு. தலை முதல் கால் வரை பிளாஸ்டிக் உடுப்புக்குள், ஒரு வாய் தண்ணீர்கூட இல்லாமல் நின்றார்கள். "வேறு சவாரி இருந்தால் போய்ட்டு வாங்க தம்பி" என்று நானே சொன்னேன். ஒரு பையன் தள்ளி நின்றபடியே, "நீங்க கவலைப்படாதீங்கம்மா, எவ்வளவு நேரமானாலும் இருக்கோம்" என்றான். ஆறரை மணி வாக்கில் அவர்கள் ஒதுங்கிப் போய் ஆளுக்கு ஒரு பேரீச்சம்பழம், ஒரு மிடறு தண்ணீர் என்று நோன்பு திறந்தார்கள். அதற்குப் பிறகுதான் கேட் திறந்தது.

கயிறு கட்டி இறக்கும்போது ஆயர் வர முடியவில்லை. அன்றைய நிலைமை அப்படி, அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஒரு பையன் என்னைப் பார்த்து, "உங்க முறைப்படி என்ன சொல்லணுமோ சொல்லுங்கம்மா, அப்புறம் மண்ணு தள்றோம்" என்றான். இருபதடி தள்ளி நின்று பரமண்டல ஜெபத்தைச் சொன்னேன். பாதியில் குரல் போய்விட்டது. மறுபடி ஆரம்பித்தேன். முடியும்வரை நான்கு பேரும் தலை குனிந்து நின்றார்கள்.

அவர்கள் பெயரைக்கூடக் கேட்டு வைக்கவில்லை நான். அது இன்றும் மனசில் உறுத்துகிறது.

சபை செய்ததை எழுதிவிட்டேன். நான் செய்ததையும் எழுதினால்தான் நியாயம். தம்பி போன பிறகு எங்கள் வீட்டு வாசலில் தகரம் அடித்து அடைத்திருந்தார்கள். எதிர் வீட்டு அக்கா தினமும் காலையில் ஒரு தூக்குப்போசியில் ரசம் சாதமோ கஞ்சியோ கொண்டுவந்து தகரத்துக்குக் கீழே வைத்துவிட்டுக் குரல் கொடுத்துவிட்டுப் போவார். பதினாறு நாள். பதினாறு என்பது அவர்கள் வீட்டுக் கணக்கு. எங்கள் வீட்டுச் சாவுக்கு அவர் தன் வீட்டுச் சாவுக்கு உரிய நாட்களை எண்ணியிருக்கிறார். அடுத்த மாதமே அவர் கணவர் இறந்தார். கொலுசுப் பட்டறையில் நாற்பது வருடம் வெள்ளி உருக்கிய மனிதர், நுரையீரல் தாங்கவில்லை. கருமாதிக்குச் சொல்லி அனுப்பினார்கள். நான் போகவில்லை. படையல் போட்ட இடம், விசுவாசி போகக் கூடாது என்று சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டு ஊறிப்போனது. ஜன்னலுக்குப் பின்னால் நின்று பந்தலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மாதம் கழித்துத்தான் போனேன். "வந்துட்டியா கண்ணு" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

ஐயாமாரே, "அழுகிறவர்களுடனே அழுங்கள்" என்று பவுல் ரோமருக்கு எழுதினார். அந்த வசனத்தில் எந்தச் சபை, எந்தச் சாதி, எந்த மதம், சந்தா கட்டியவனா என்ற கேள்வி ஒன்றும் கிடையாது. அழுகிறவர் என்பது மட்டும்தான் தகுதி. நாம் அதற்குள் எத்தனை கேட் போட்டுப் பூட்டியிருக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள்.

முதலில், நாம் அழுவதற்கே வெட்கப்படுகிறோம். என் பாட்டி ஒப்பாரி வைத்தால் தோட்டமே நின்று கேட்கும். இறந்தவர் எந்த வருடம் எந்தக் காட்டில் மிளகுக் கொடி ஏற்றினார், யாருக்குப் பெண் கொடுத்தார், யாரிடம் ஏமாந்தார் என்று ஒரு ஆயுசு முழுக்க அதில் வந்துவிடும். அப்புறம் ஒரு உபதேசியார் வந்தார். நம்பிக்கையற்றவர்களைப் போல அழக் கூடாது, கிறிஸ்தவர்கள் ஒப்பாரி வைக்கக் கூடாது என்று சொல்லிப் பாட்டியின் வாயை அடைத்துவிட்டார். தெசலோனிக்கேயருக்கு எழுதின முதலாம் நிருபம் நாலாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். நம்பிக்கையற்றவர்களான மற்றவர்களைப் போலத் துக்கிக்க வேண்டாம் என்றுதான் அதில் இருக்கிறது. துக்கிக்கவே வேண்டாம் என்று இல்லை. லாசருவை இன்னும் கொஞ்ச நேரத்தில் எழுப்பப் போகிறோம் என்று தெரிந்திருந்தும் இயேசு கண்ணீர்விட்டார். அந்தக் கண்ணீரை எந்தக் கணக்கில் வைப்பது? அடக்க ஆராதனையில் மகளை இழந்த தாயிடம் மைக்கில் "அழாதீங்க, அல்லேலூயா சொல்லுங்க" என்று சொன்னதை என் காதால் கேட்டிருக்கிறேன். அந்தத் தாய் அல்லேலூயா சொன்னாள். அதைக் கேட்க எனக்குப் பொறுக்கவில்லை.

நாயீன் ஊர் விதவையிடமும் இயேசு அழாதே என்றுதானே சொன்னார் என்று நீங்கள் கேட்கலாம். சொன்னார். ஆனால் லூக்கா என்ன எழுதியிருக்கிறார் என்று வரிசையாகப் பாருங்கள். முதலில் அவளைக் கண்டு மனதுருகினார். அப்புறம்தான் அழாதே என்றார். உடனே கிட்ட வந்து பாடையைத் தொட்டார். பிணத்தைத் தொட்டால் ஏழு நாள் தீட்டு என்று எண்ணாகமம் சொல்கிறது. அந்த ஊரில் அது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தேதான் கை நீட்டினார். "அதைச் சுமந்தவர்கள் நின்றார்கள்" என்று லூக்கா ஒரு வரி எழுதுகிறார். எனக்கு மிகவும் பிடித்த வரி அது. அவர்கள் ஏன் நின்றார்கள் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தீட்டு என்றால் என்னவென்று நம் ஊருக்குத் தெரியும்.

பாடையைத் தொடுவது என்றால் எனக்கு ஏற்காடுதான் ஞாபகம் வரும். லைன் வீடுகளில் ஒரு சாவு விழுந்தால் அன்றைக்குப் பழம் பறிக்கப் போக மாட்டார்கள். கல்லறை மேட்டில் இருக்கும். சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை, மழைக்காலத்தில் வழுக்கும். பெட்டியை நாலு பேர் தூக்கி ஏற முடியாது. எட்டுப் பேர், பத்துப் பேர் தோள் மாற்றித் தோள் மாற்றித்தான் கொண்டுபோவார்கள். அதில் பாதிக்கு மேல் நம் சபை ஆட்கள் கிடையாது. சேர்வராயன் சாமியைக் கும்பிடுகிற மலைக்காரர்கள் கடப்பாரையோடு முன்னாடியே போய்ப் பாறையில் குழி வெட்டிக்கொண்டிருப்பார்கள். எங்கள் அப்பாவின் பெட்டிக்குத் தோள் கொடுத்தவர்களில் எத்தனை பேர் நெற்றியில் விபூதி இருந்தது என்று எனக்கு இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. அவர்கள் யாரும் வேதாகமம் படித்துவிட்டு வரவில்லை. அவர்கள் வீட்டுச் சாவுக்கு நாங்கள் அதே அளவுக்குப் போனோமா என்றால், போனோம், அப்பா காலம் வரை. கூட்டங்களும் கன்வென்ஷன்களும் மலையேறி வர வர, கொஞ்சம் கொஞ்சமாக நின்றுபோனது.

தூரத்துத் துக்கத்துக்கு நாம் நன்றாகவே அழுகிறோம். அதையும் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிறு. வேளாங்கண்ணிக்குப் போனவர்கள் திரும்பவில்லை என்று செய்தி வந்தபோது சேலத்தில் எத்தனை வீட்டில் அடுப்பு எரியவில்லை! நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். அங்கே இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்று பிரிக்க நேரமில்லாமல் ஒரே குழியில் அடுக்கினார்கள். எங்கள் சபையில் போர்வை, அரிசி, பால் பவுடர் என்று லாரி ஏற்றினோம். நானும் மூட்டை கட்டினேன். யாருக்குப் போகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. நாகப்பட்டினம் மீனவருக்கு மதம் கேட்காமல் அழ முடிந்த நமக்கு, எதிர் வீட்டுப் பந்தலுக்குள் கால் வைக்க முடியவில்லை.

படையலைச் சாப்பிடுவதா என்று கேட்பீர்கள். பவுலே அதைப் பற்றிக் கொரிந்தியருக்குப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். சாப்பிடாவிட்டால் போகிறது. அவரவர் மனசாட்சி. பந்தலில் ஒரு ஓரமாக உட்கார, கையைத் தொட்டுத் துக்கம் விசாரிக்க, காப்பித் தண்ணீர் ஊற்றிக் கொடுக்க யார் தடை? யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் ஒரு வார்த்தை பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்தார்கள். அவர்கள் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான். வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது.

வாயைத் திறப்பது பற்றியும் ஒரு வார்த்தை. நாம் எழவு வீட்டுக்குப் போனால் கைப்பிரதி எடுத்துக்கொண்டு வருவோம், ஆள் பிடிக்க வருவோம் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அது முழுக்கப் பொய் என்று நம்மால் சொல்ல முடியுமா? தாது வருஷப் பஞ்சத்தில் சேலம் ஜில்லா காலியானது. 1871 கணக்கெடுப்பில் 19 லட்சத்து 66 ஆயிரம் பேர் இருந்த ஜில்லாவில் 1881-ல் 16 லட்சத்துக்கும் குறைவாகத்தான் மிஞ்சினார்கள். அதே பஞ்ச காலத்தில் திருநெல்வேலிப் பக்கம் ஆயிரமாயிரமாகச் சபையில் சேர்ந்தார்கள். கஞ்சி ஊற்றின கையை நான் குறை சொல்லவே மாட்டேன். அந்தக் கை இல்லாவிட்டால் இன்னும் எத்தனை பேர் செத்திருப்பார்களோ. ஆனால் கஞ்சியோடு கணக்கும் வந்தது என்ற சந்தேகம் நூற்றைம்பது வருடமாக நம் பின்னால் வருகிறது. அதைத் துடைக்க ஒரே வழிதான் எனக்குத் தெரிகிறது. துக்க வீட்டுக்கு வெறுங்கையோடு போக வேண்டும். பைபிளைப் பையிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும். ஜெபிக்கட்டுமா என்று கேட்டு, சரி என்றால் ஜெபிக்க வேண்டும். வேண்டாம் என்றால் முகம் சுளிக்காமல் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அன்பு தற்பொழிவை, அதாவது தன் நலத்தை, நாடாது என்று கல்யாண வீட்டில் வாசிக்கிறோமே, அது எழவு வீட்டுக்கும் சேர்த்துத்தான்.

டாக்டர் சைமன் ஹெர்குலிஸை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சென்னையில் நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணராக இருந்தவர். கொரோனாவில் 2020 ஏப்ரல் 19-ம் தேதி இறந்தார். அவர் உடலை அடக்கம் செய்யவிடாமல் ஒரு கும்பல் ஆம்புலன்ஸையே அடித்து நொறுக்கியது. கடைசியில் நண்பர் டாக்டர் பிரதீப் குமார், ஆஸ்பத்திரி ஊழியர் இரண்டு பேரோடு நள்ளிரவில் தன் கையாலேயே மண் தள்ளினார். கண்ணியமான அடக்கம் என்பது அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தருகிற வாழும் உரிமைக்குள் அடங்கும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அடக்கத்தைத் தடுத்தால் மூன்று வருடம் வரை சிறை என்று அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. சேலத்தில் நம் சபைகளில் எல்லாம் கண்ணீரோடு ஜெபித்தோம், அந்தக் கும்பலின் மேல் கோபப்பட்டோம். கோபம் சரிதான். அடுத்த வருடம் என் தம்பி நம்முடைய கேட்டுக்கு வெளியே கிடந்தபோது அந்த நாள்தான் எனக்கு நினைவு வந்தது. நம் ஆட்கள் கல் எறியவில்லை, ரசீது கேட்டார்கள். ஆம்புலன்ஸுக்குள் கிடப்பவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

என் தம்பி ஒருவனோடு இது முடிந்துவிடவில்லை. வேறு சபைக்குப் போனவன், கலப்பு மணம் செய்தவள், தூக்கு மாட்டிக்கொண்ட பையன் என்று குழி மறுக்கப்பட்ட கதை ஒவ்வொரு சபையிலும் இரண்டு மூன்று இருக்கும். கல்லறைக்குள்ளேயே சாதிக்குச் சுவர் வைத்த ஊரும் உண்டு. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைச் சுவர் தமிழ்நாடு அறிந்தது. தற்கொலை செய்துகொண்ட பிள்ளையின் தாய் இரண்டு தடவை பிள்ளையை இழக்கிறாள், ஒன்று வீட்டில், இன்னொன்று கமிட்டி அறையில். இதை எழுதும்போது எனக்கு நடுங்குகிறது. என்னிடம் படித்த ஒரு பெண்ணுக்கு நடந்தது இது.

நான் கேட்பது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. சாவு நாளன்று சந்தாப் பேச்சு எடுப்பதில்லை என்று ஒரு தீர்மானம் போடுங்கள். பாக்கி இருந்தால் மூன்று மாதம் கழித்து வீட்டுக்குப் போய்க் கேளுங்கள், கொடுப்பார்கள். நான் பத்தாம் நாளே கட்டினேன். பூட்டின் சாவி ஒன்று பொருளாளரிடம் மட்டும் இல்லாமல் கல்லறைக்குப் பக்கத்து வீட்டிலும் இருக்கட்டும். நம் தெருவில், நம் தோட்டத்தில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் அன்று சாயங்காலத்துக்குள் சபையிலிருந்து இரண்டு பேர் போய் உட்கார்ந்துவிட்டு வர வேண்டும். பெண்கள் ஐக்கியமும், அன்பியங்கள் என்கிற பங்கின் சிறு குழுக்களும் மனசு வைத்தால் இது முடியும். ஏற்காட்டில் குளிர்காலத்தில் சாவு வீடுகளுக்குக் கம்பளியும் விறகும் தேவைப்படும். அதை யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள்.

அப்புறம் நவம்பர் 2. அந்த இரண்டு கொரோனா வருடங்களில் இந்த ஊர் முறையாக அழவே இல்லை. நூறு பேர் கூடி எடுக்க வேண்டிய சாவுகளை ஐந்து பேர் எடுத்தார்கள். பலருக்குக் கருமாதிகூடச் சரியாக நடக்கவில்லை. முஸ்லிம் வீடுகளில் மய்யித்தைக் குளிப்பாட்டக்கூட முடியாமல் போனது. அந்த அழுகை இன்னும் வீடுகளுக்குள்ளேயே தங்கியிருக்கிறது. எதிர் வீட்டு அக்கா இன்றும் சில ராத்திரிகளில் வாசலில் வந்து தனியாக உட்கார்ந்திருப்பார். இந்தக் கல்லறைத் திருநாளில், நம் சபைப் பெயர்களை வாசித்து முடித்த பிறகு, அவர்கள் வீட்டில் சம்மதித்தால், தெருவில் அந்த வருடங்களில் போன மற்றவர்களின் பெயர்களையும் வாசியுங்கள். காக்காயன் சுடுகாட்டில் எரிந்தவர்கள், கபர்ஸ்தானில் படுத்தவர்கள் எல்லாரையும். மணியை அவர்களுக்காகவும் அடியுங்கள். பிரசங்கம் வேண்டாம். ஒரு மெழுகுவத்தி, ஒரு நிமிட மௌனம், வருகிறவர்களுக்கு உட்கார நாற்காலி. யாராவது ஒப்பாரி வைத்தால் தடுக்காதீர்கள்.

எங்கள் தெருவில் நானே வீடு வீடாகப் போய்க் கேட்டுவிட்டேன். பதினேழு பெயர் எழுதி வைத்திருக்கிறேன். அக்கா தன் கணவர் பெயரை என்னிடம் சொல்லி, இனிஷியல் சரியாக இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தார். "உங்க சாமியாரு படிப்பாரா கண்ணு?" என்று கேட்டார். கேட்டுச் சொல்கிறேன் என்று வந்திருக்கிறேன்.

அன்று மதியம் மூன்று மணிக்கே விளக்குமாறும் வாளியும் எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன். தம்பி கல்லறையைக் கழுவ வேண்டும். கேட் திறந்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் சபையின் ஒரு அங்கத்தினள்,
சேலம்